தேய்மானக் கணக்கு

அன்பு மூத்த மகளுக்கு, உன் நலம் ஒன்றையே விழைந்து அப்பா எழுதுவது.

மழை விட்டது, கூரை ஒழுகலும் நின்றது. தங்கைக்கு வணிகவியல் தேர்வு நெருங்குகிறது. நீ அஞ்சலில் அனுப்பும் தேய்மானக் கணக்குகளையே நம்பியிருக்கிறாள். பாடநூலின் ஆலைப் பொறிகளை நீக்கிவிட்டு நம் வீட்டுப் பொருள்களை வைத்தே கணக்கு அமைத்தாய்; அவளுக்கு எளிதில் விளங்கியது. விலையை ஆயுளால் வகு, ஆண்டுதோறும் கழி, கடைசியில் சுழி.

தையல் பொறிக்கு அவள் சுழி போட்ட மாலையே அது நின்றது. பழுது பார்க்க வந்தவர் முழுவதும் பிரித்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே தேயலையே சார், ஏன் ஓடமாட்டேங்குது?" என்று என்னையே கேட்டார். அடுத்தது சுவர்க்கடிகாரம். தற்செயல் என்றேன், உரக்கவே சொன்னேன்.

மூன்றாம் கணக்கில் நீ அம்மாவை எழுதியிருந்தாய். எஞ்சும் மதிப்பு: ஒன்றுமில்லை. அவள் சிரித்தாள். "வாங்குன விலைன்னு என்ன போட்டிருக்கா பாருங்க! அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டாளே உங்க பொண்ணு!" என்றாள்.

தங்கை ஒவ்வோர் ஆண்டாகக் கழித்துக்கொண்டே போனாள். மகளே, நம் மாடிப்படியின் நடுப்பலகை யார் மிதித்தாலும் முனகுமே! அம்மா ஏறினால் இப்போது முனகுவதில்லை. அவள் படுத்தெழுந்த மெத்தையில் பள்ளம் விழுவதில்லை. மருத்துவரோ நோய் ஏதும் இல்லை என்கிறார்.

தாளைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டினேன். விடிந்ததும் திறந்தேன், அடுத்த ஆண்டும் கழிக்கப்பட்டிருந்தது. கையெழுத்து தங்கையுடையது அன்று. உன்னுடையது. இன்னும் ஓர் ஆண்டே மீதி.

நீ அறிந்து செய்யவில்லை என்பதை அறிவேன். நீ வேலைக்குப் புறப்பட்ட அன்று அம்மா சொன்ன சொல்லையும் அறிவேன். "போறவ போகட்டும், இவளால இந்த வீட்டுக்கு என்ன பிரயோசனம்" என்றாள். கதவைச் சாத்திய பின் உன் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். உன்னிடம் சொல்லக்கூடாதென்று என் வாயை அடைத்தாள்; இன்று மீறுகிறேன்.

உன் பழைய பாடநூலைப் புரட்டினேன். பயன்படும் ஆயுள் என்பது வெறும் மதிப்பீடே. பிழையென்று கண்டால் இடையிலும் திருத்தலாம் என்கிறது. கணக்கை வகுத்தவள் நீ. திருத்த வல்லவளும் நீ ஒருத்தியே! தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த "ஒன்றுமில்லை"யை அடித்துவிடு. ஆயுளைக் கை கூசாமல் நீட்டி எழுது.

கீழே அம்மாவும் இரண்டு வரி எழுதியிருக்கிறாள். வெற்றிடம் என்று எண்ணிவிடாதே. விளக்கொளியில் சாய்த்துப் பார். அழுத்தித்தான் எழுதினாள்.

நெடிது வாழ்க, மகளே. அவளையும் வாழவிடு.

உன் வரிக்குக் காத்திருக்கும்
அப்பா