அய்யா இல்லாத படங்கள்

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு, ராமநாதபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை மதுமதியும் உங்க அய்யாவும் அய்யாவுடைய கேமராக்களும் சுகம். அங்கே சிங்கப்பூரில் நீயும் உன் இடுப்பு வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தால் இடுப்பு வந்து பங்கு கேட்கத்தான் செய்யும், சாயங்காலம் கொஞ்சம் நட. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று மதுமதி காட்டிக்கொடுத்துவிட்டாள். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாதல்லவா, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும், நிதானமாகப் படி. கீழக்கரையிலிருந்து அம்மார் என்று ஒரு தம்பி வெள்ளிக்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் தொதல் அல்வாவும் ஒரு கவரும் கொடுத்துவிடுகிறேன். கருவாடு கேட்டிருந்தாய், பக்கத்துச் சீட்டுக்காரங்க என்னைய ப்ளேனை விட்டுத் தள்ளிவிட்டுருவாங்க மாமி, வேணாம் என்று அவன் கும்பிட்டான், விட்டுவிட்டேன். தொதலை எப்போது வேண்டுமானாலும் தின்னு, கவரை மட்டும் கடிதம் முடிந்த பிறகு பிரி.

உன் கல்யாண விஷயத்துக்கே நேராக வருகிறேன். தை மாதம் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் வரவழைத்துப் படம் எடுக்கப் போகிறேன், அன்றைக்கு அய்யாவும் அம்மாவும் கேமராவைத் தொடவே கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனை வைத்தாயே, அதோடு உங்க அய்யா முகம் சார்ஜ் தீர்ந்த பேட்டரி மாதிரி ஆகிவிட்டது. ஊர்ல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் நான் படம் பிடிச்சேன், என் பிள்ளைக்கு நம்ம படம் பத்தல என்று ஒரே புலம்பல். சாப்பாட்டில் மட்டும் கோபத்தைக் காட்டவில்லை, அது வழக்கம்போல இரண்டு தடவை. நீ கூப்பிட்டபோதெல்லாம் அய்யா குளிக்கிறார் என்று நான் சொன்னது பொய். அவ்வளவு குளித்திருந்தால் மனுஷன் இந்நேரம் கரைந்து வைகையில் போயிருப்பார். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்கும் அன்றைக்கு விளங்கவில்லை, விளங்கவைத்தது ஆனி மாதம் நடந்த கீழக்கரைக் கல்யாணம். அதைச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்லவேண்டும்.

உங்க அய்யா மதுரைக்குப் போய் கேண்டிட் வகுப்பு படித்துவிட்டு வந்தார். ஆட்களுக்குத் தெரியாமல் அவர்கள் பாட்டுக்கு இருக்கும்போது எடுப்பதுதான் இப்போது மவுசாம். இத்தனை வருஷம் இங்க பாருங்க இங்க பாருங்க என்று தொண்டை கிழியக் கத்தினவர், இப்போது பார்க்காதீங்க என்று கத்தவேண்டியிருக்கிறது. பழக்கம் விடுமா, பரமக்குடியில் ஒரு மேடையில் நின்று இங்க பாருங்க என்று ஆரம்பித்து ம்ஹூம் பாக்காதீங்க என்று முடித்தார், மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஐயர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டிலும் இதே கூத்துதான். நான் அரிசி களைந்தால் கேண்டிட், கறிவேப்பிலை உருவினால் கேண்டிட். நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கீழக்கரைப் பக்கம் கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கிற பக்கம் ஆண்பிள்ளை கேமரா போகாதல்லவா, பெண் கேமராக்காரிதான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வந்த வேலையெல்லாம் கை நழுவிப் போனதால் அய்யா எனக்கே கற்றுக்கொடுத்துவிட்டார். பூட்டையும் சாவியையும் தவிர எதையும் திருகத் தெரியாதவள் இப்போது லென்ஸ் திருகுகிறேன். வைகாசியில் நாங்கள் எல்லாரும் உத்தரகோசமங்கைக்குப் போனபோதும், அப்படியே ராமேஸ்வரம் சுற்றியபோதும் என் கேமராவை அய்யா கையில் கொடுத்து வெயிலில் எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொண்டேன். கோயிலுக்குள்ளே கேமரா கூடாது, குளத்தங்கரையில் எங்களை நிற்கவைத்து எடுத்தார், அக்காள்மடத்தில் வண்டியை நிறுத்தி நுங்கு தின்றபோது எடுத்தார். நீதான் இல்லை, உன் பங்கு நுங்கையும் மதுமதி தின்றுவிட்டாள், கேட்டால் அக்காவுக்காகத் தின்றேன் என்கிறாள்.

நான் தனியாகச் செய்த முதல் கல்யாணம் அந்தக் கீழக்கரை மாஷிதா என்கிற பெண்ணின் கல்யாணம்தான். ஆண்கள் பக்கம் அய்யா, பெண்கள் பக்கம் நான். அந்த வீட்டில் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள், பெண்கள் படம் அவர்கள் பார்க்காமல் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. வேலை முடிந்ததும் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடவேண்டும், அவர்களே பார்த்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்துத் தருவார்கள். சரியான பேச்சு, எனக்கும் பிடித்திருந்தது. பெண்ணுக்குக் கருகமணி கட்டியது, மருதாணிக் கையை எல்லாரும் பிடித்துப் பார்த்தது எல்லாம் எடுத்தேன், நன்றாகவே வந்தது. பிறகு கார்டைக் கழற்றிப் பெண்ணின் பெரியம்மா தாஜுன்னிசாவிடம் கொடுத்துவிட்டு பிரியாணியில் கை வைத்தேன். அந்தம்மா உடனே அதைக் கொண்டுபோய்ச் சுவர் அளவு இருக்கிற டிவியில் சொருகிவிட்டது. பெண்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்துவிட்டார்கள். டிவியில் மாஷிதா வரவில்லை, நான் வந்தேன். நுங்கை வாய்க்குள் தள்ளிக்கொண்டு, வாய் பாம்பன் பாலம் மாதிரி திறந்தபடி. வைகாசியில் ஊர் சுற்றிய படங்களை அந்தக் கார்டிலிருந்து அழிக்காமலே கொண்டுபோயிருக்கிறேன் பார்த்துக்கொள்.

எனக்குக் கையில் இருந்த எலும்பு கையிலேயே நின்றுவிட்டது. முதல் வேலையே இப்படி ஆனால் இனி எந்த வீட்டில் கூப்பிடுவார்கள். மாத்திருங்கம்மா, அது எங்க வீட்டுப் படம் என்று நான் எழுந்தால், இரும்மா நல்லாத்தானே இருக்கு என்று ஒருத்தி என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். ஒவ்வொன்றாக ஓடுகிறது. நான், மதுமதி, குளம், நான், மதுமதி, கடல், மதுமதி தாவணி காற்றில் அவள் முகத்தை மூடினது, மறுபடியும் நான். எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பார்த்தார்கள். தாஜுன்னிசா மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பி, மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, ஒன் வீட்டுக்காரரு சபர்ல இருக்காராம்மா, வந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தம்மா வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறாராம். எங்க வீட்டு ஆல்பமும் இப்படித்தாம்மா இருக்கும், நானும் பிள்ளைகளும் மட்டும், அவுக இருக்க மாட்டாக என்றது. என் வீட்டுக்காரர் அங்கே ஆண்கள் பந்தலில் மாப்பிள்ளைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். வாசல்லதாம்மா இருக்காரு, இந்தப் படமெல்லாம் எடுத்தவரே அவருதான் என்று சொன்னேன். அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, பந்தலுக்கே கேட்டிருக்கும். தாஜுன்னிசாவும் சிரித்தது, ஆனால் சிரித்து முடித்துவிட்டு, கூட இருக்கையிலயும் காணோம்னா எப்புடிம்மா என்றது. அது எனக்குப் பிரியாணியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

வண்டியில் திரும்பும்போது அய்யாவிடம் சொன்னேன். முதலில் அவரும் சிரித்தார், நான் துபாய் மாப்பிள்ளையா என்று மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் நம் ஸ்டூடியோ கடைக்குப் போனவர் டீ குடிக்கக்கூட வரவில்லை. எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டரில் நம் வீட்டுப் படங்களை எல்லாம் திறந்து வைத்துத் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். உனக்குக் காது குத்தினது, மதுமதி பள்ளிக்கூடத்தில் ஆடினது, அரியமான் கடலில் நீங்கள் இரண்டு பேரும் மண்ணை உருட்டினது, எல்லாம் இருக்கிறது, அவர் இல்லை. ஒரே ஒரு படத்தில் மணலில் அவர் நிழல் விழுந்திருந்தது, அதையும் தப்பா எடுத்துட்டேன், நிழலு விழக்கூடாது என்று என்னிடமே சொல்கிறார். அப்போதுதான் நான் சொன்னேன், ஒங்க மக சொன்னதும் இதத்தான், ஒங்க படம் பத்தலன்னு அது சொல்லல, படத்துல நீங்க இல்லன்னு சொல்லுது. கவி, நீ அதை நினைத்துத்தான் சொன்னாயா, இல்லை உண்மையிலேயே சென்னைக்காரன் எடுத்தால்தான் அழகு என்று சொன்னாயா, எனக்குத் தெரியாது. அய்யாவிடம் அடித்துச் சொல்லிவிட்டேன், இனிமேல் நீயும் அப்படியே வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆடியில்தான் முகூர்த்தம் இல்லையே என்று திருப்புல்லாணிக்குப் போய்ப் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு அப்படியே சேதுக்கரை கடலுக்குப் போனோம். கேமராவை நான் பிடுங்கிக்கொண்டேன். நில்லுங்க, நான் எடுக்கிறேன் என்றால், மனுஷனுக்கு நிற்கத் தெரியவில்லை. கையைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார், பின்னால் வைக்கிறார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நிற்கிற பையன் மாதிரி. எத்தனை மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தீக, தலையத் தூக்காம நாடியைக் கொஞ்சம் கீழ இறக்குங்க என்றேன். கண்ணை மூடிவிட்டார். வெயிலு எதுக்க இருக்கு, நீ அங்கன நில்லு என்று எனக்கே உத்தரவு போட்டு, ஓடிவந்து கேமராவைப் பார்த்து, திரும்ப ஓடிப்போய் நின்றார். இங்க பாருங்க என்றால், இப்ப பார்க்கக்கூடாதுல்ல என்று கடலைப் பார்க்கிறார். மதுமதி பொறுக்க முடியாமல் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள், அந்த நேரம் அலை வந்து இரண்டு பேர் முழங்காலையும் நனைத்துவிட்டது, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பார், அதுதான் வந்தது. கடல் கோணலாக இருக்கிறது, ஒரு பாதத்தை வெட்டிவிட்டேன், எல்லாக் குற்றமும் சொன்னார். சொல்லிவிட்டு, எதையும் திருத்தாமல், கடையில் இருக்கிற பெரிய பேப்பரில் அவரே பிரிண்ட் போட்டார். கவரில் இருப்பது அதுதான். மடக்காதே.

அன்றைக்குச் சாப்பிடும்போது தானாகவே சொன்னார், மெட்ராஸ்காரன் வரட்டும் செவ்வந்தி, செம்புத் தண்ணி ஊத்தி மகளத் தாரை வாக்கையில கையில கேமராவை வச்சுக்கிட்டு எப்புடி வாக்குறது என்று. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். ஆனால் பந்தலில் லைட்டை மட்டும் ஒருமுறை அவர் சரிபார்ப்பாராம், அதற்கு உன் சென்னைக்காரனிடம் சொல்லி வைத்துக்கொள், சண்டை வந்தால் நான் தீர்க்கமாட்டேன். மாப்பிள்ளையிடமும் சொல், பல் தெரியச் சிரித்துப் பழகட்டும், நிச்சயதார்த்தப் படத்தில் பல் டாக்டரைப் பார்த்த மாதிரி இருக்கிறார். என் வேலைக்குப் பழுதில்லை, தாஜுன்னிசா தன் மகள் சஃபா கல்யாணத்துக்கும் என்னையே சொல்லியிருக்கிறது, கார்டை மட்டும் கழுவித் துடைத்துக் கொண்டுவா என்றது. அந்தம்மாவின் தங்கை மகன்தான் அம்மார், அவன் வந்தால் வாசலோடு அனுப்பாமல் சாப்பாடு போடு.

இன்னொன்று. நேற்று மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாஸ்போர்ட் படம் எடுக்கிற நீலத் துணிக்கு முன்னால் உங்க அய்யா நிற்கிறார். எதிரே கேமரா தானாக எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறது. கையில் நம் வீட்டுப் பித்தளைச் செம்பு. அதைச் சாய்த்துப் பிடிக்கிறார், நாடியை இறக்குகிறார், சிரிக்கிறார், ஓடிவந்து பார்க்கிறார், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் போய் நிற்கிறார். நான் உள்ளே போகவில்லை. சோறு ஆறினால் ஆறட்டும் என்று வாசலிலேயே நின்றேன்.

நீயும் உனக்கு வரப்போகிறவரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிக்கொண்டு நூறு வருஷம் இருக்கவேண்டும், உத்தரகோசமங்கை ஈஸ்வரன் துணை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மறக்காமல் அய்யா நம்பருக்கே போன் பண்ணு. அன்றைக்கு அவர் குளிக்கப் போகமாட்டார்.

உன் வாய்க்கு வாய் சளைக்காத அம்மா,
செவ்வந்தி தங்கசாமி