வளைவில் நின்ற பேச்சு

கார் முழுக்கப் பூண்டு வாசனை. இன்று காலை பூம்பாறையில் உன் அப்பா பின்பக்கம் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் எதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வருவதில்லை. நீ போனதிலிருந்து உன் அப்பா வீட்டிலேயே இருந்த நம் மகளை, பள்ளிக்கூடம் திறப்பதால் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்தேன். நானே ஓட்டி, அவளோடு தனியாக மலை இறங்கியது இதுதான் முதல் தடவை.

"வெரசா போகணும்னு ஒண்ணும் இல்ல மாப்ள. பனி கெடக்கு" என்றார் உன் அப்பா. போனை அணைத்து மூட்டைக்குள் செருகினேன்.

கல்யாணமான புதிதில் இதே ரோட்டில் நீ கதை சொல்லிக்கொண்டே வருவாய். வளைவு வந்ததும் பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாய்.

"என்ன, டவர் போச்சா?" என்பேன்.

"பொறுங்க. எதுக்க வண்டி வருதான்னு காது குடுக்கணும்." வளைவு தாண்டியதும் விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்வாய். உன் அப்பா பூண்டு ஏற்றி ஜீப் ஓட்டிய காலத்திலிருந்து உங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். வளைவில் ஜீப்பே வாயை மூடிக்கொள்ளும். "உங்க ஊரு ரோடு நேரா கெடக்கு. படுத்துக்கிட்டே ஓட்டுவீங்க. இங்க பேசிக்கிட்டே திரும்புனா நம்மள பள்ளத்துலதான் தேடணும்" என்று சிரிப்பாய்.

நீ போன அன்று, பெரியகுளத்தில் தோழியின் கல்யாணம் முடித்து, வாடகைக் காரில் அடுக்கம் மலைப்பாதை வழியாக ஏறிக்கொண்டிருந்தாய். போனில் என்னோடு பேச்சு. "பந்தியில ஒரே கூத்துங்க. மாப்பிள்ளையோட மாமா இருக்காருல்ல, அவரு..."

நிறுத்தினாய். வளைவு என்று நினைத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு டவர் போயிருக்கும் என்று நினைத்தேன்.

டேஷ்போர்டில் டிரைவர் சாய்த்து வைத்திருந்த அவருடைய போன் திருப்பத்தில் சரிந்து காலடியில் விழுந்ததாம். அதைக் குனிந்து எடுப்பதற்குள் வண்டி ரோட்டை விட்டுப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் அவரே சொன்னார். என் வேலையே பிரேக் சோதிப்பதுதான். முப்பது கிலோமீட்டர் வேகத்தில்கூட, கண் விலகிய ஒரு நொடியில் வண்டி எட்டு மீட்டர் போய்விடும். இந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த மாமா பந்தியில் என்ன செய்தார் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது.

இன்று கொடைக்கானல் தாண்டி இறங்கும்போது பனி. நம் மகள் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாத்தா வீட்டு நாய் குட்டி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். வளைவில் சட்டென்று அவள் குரல் நின்றது.

எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். ஹாரன் கேட்டு முன்னால் பார்த்தபோது, கண்ணாடி முழுக்கப் பஸ். இடது பக்கம் ஒடித்தேன். கார் பாறையில் உரசி நின்றது. பஸ் டிரைவர் தலையை நீட்டினார்: "ஏலே, பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கலே பாக்குற?"

அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினேன்.

"ஏன்டா பேச்ச நிறுத்துன?"

"வளைவுல பேசப்படாது. அம்மா சொல்லியிருக்கு."

பேசு என்று சொல்ல முடியவில்லை. நீ சொன்னது சரி. அந்த மௌனத்தைத் தாங்கவும் என்னால் முடியாது.

"சரி, பேசாத. வளைவு முடியிற வரைக்கும் காலால அப்பா சீட்ட உதைச்சுக்கிட்டே இரு."

"உதைச்சா திட்டுவீங்கள்ல?"

"இனிமே திட்ட மாட்டேன்."

"பலமாவா, மெதுவாவா?"

"நீ இருக்கன்னு தெரியிற மாதிரி."

உதைத்துக்கொண்டே வந்தாள். ஒரு உதைக்கும் அடுத்ததற்கும் நடுவே செத்துப் பிழைத்தேன். அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவின் பாதியில் உதை நின்றது. தூங்கியிருப்பாள் என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். வளைவு முடிந்தது. ஓரம் கட்டி, கைபிரேக்கை இழுத்த பிறகுதான் திரும்பினேன்.

வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பயம் போகவில்லை. அது போகும் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஆனால் வளைவு முடியும்வரை பொறுக்க என்னால் முடிகிறது. உன்னிடமிருந்து வந்தது அது.