பம்புக்குள் கிடந்த பழைய வால்வு

அன்புள்ள என் கணவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? இந்த விஷயத்தைப் போனில் பேச உட்கார்ந்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நாம் குடியிருக்கும் படகின் கழிவறைப் பம்பு இரண்டு மாதத்தில் மூன்று தடவை மக்கர் செய்துவிட்டது. கைப்பிடியை எவ்வளவு அடித்தாலும் கழிவு தொட்டிக்குப் போகாமல் திரும்பி மேலே வந்தது. நீங்கள் அங்கே கிடந்து கவலைப்படுவீர்களே என்று இதை உங்களிடம் நான் மூச்சுவிடவில்லை. முன் அறையை வாடகைக்கு எடுத்த புதுமணத் தம்பதி, மூன்று நாள் தங்க வந்தவர்கள், முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்கள். துணியில் நாற்றம் ஏறுகிறது என்று மகள் சீருடையைத் தோழி வீட்டில் காயப்போடுகிறாள்.

ஒவ்வொரு முறையும் மெக்கானிக் வந்து, "உப்புத் தண்ணி அக்கா, ரப்பர் தாங்காது" என்பார். கழிவைத் திரும்பி வரவிடாமல் தடுக்க நான் வாங்கிக் கொடுத்த புது ரப்பர் வால்வை மாட்டிவிட்டதாகச் சொல்லிப் போவார். வேலை தொடங்கும்போதெல்லாம் டீ போடச் சொல்லி என்னை மேலே அனுப்பியது மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை நானே திறந்தேன். கடல் தண்ணீர் வரும் குழாயை அடைத்து, கையுறை மாட்டி, ஆறு திருகையும் கழற்றினேன். குமட்டலை அடக்கிக்கொண்டு கையை விட்டால், வந்தது அதே பழைய வால்வு. வாய் பிளந்து, உப்பு கல்லாய்ப் படிந்திருந்தது.

அதைத் தாளில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கே போனேன். திருட்டுப் பட்டம் கட்டிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, மூன்று புது வால்வையும் உறை பிரிக்காமல் எடுத்து வைத்தார். "நான் திருடலக்கா. அண்ணன்தான் போன்ல சொன்னாரு. புதுசு மாட்டாதே, அவளே சலிச்சுப் போய்ப் படகை வித்துருவான்னாரு" என்றார்.

தப்பித்துக்கொள்ள உங்கள்மேல் பழிபோடுகிறார் என்று பட்டறையே அதிரக் கத்தினேன். திரும்பி வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. போன ஞாயிறு நீங்கள் போனில், "நாத்தம் கொறைஞ்சுதா?" என்று கேட்டீர்கள். நான் சொல்லாத நாற்றம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பழைய பம்பையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை நானே பொருத்தினேன். முதலில் குழாய் மூட்டு கசிந்தது. இன்னும் இரண்டு சுற்று இறுக்கியதும் நின்றது. நான்கு நாளாகிறது, ஒரு சொட்டு இல்லை. நாளைக்கு ஆட்கள் தங்க வருகிறார்கள்.

நாங்கள் இருக்கும் கூரையை விற்க உங்களுக்கு என்ன அவசரம்? யாருக்காக? எதுவானாலும் நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். மெக்கானிக் சொன்னது பொய் என்றால் அதையும் சீக்கிரம் சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எதுவாக இருந்தாலும் என்னிடமே சொல்லுங்கள், மெக்கானிக்கிடம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களை நம்பவே விரும்பும்
உங்கள் மனைவி