மருமகள் காருக்கு மூட்டு வைத்தியம் பார்த்த கதை

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உன் மனைவியும் சுகம், கூடவே காரும் சுகம். நீ சுகமா என்று ஃபோனில் கேட்டால் "ம்" என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை, அதனால் எழுதிக் கேட்கிறேன். அம்மா காரை ஏன் சேர்த்துக்கொண்டாள் என்று நீ யோசிப்பாய், விஷயமே அதுதான். ஃபோனில் ஆரம்பித்தால் பாதியில் "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, உட்கார்ந்து முழுசாகப் படி.

வண்டி இடது பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் கடகடவென்று சத்தம் வருகிறது என்று அவள் போன மாதம் உன்னிடம் சொன்னாள் அல்லவா, அதற்கு நீ, "உனக்கு ஓட்டத் தெரியல, பள்ளம் மேடு பாக்காம விடுற, ஓரமா நிறுத்து, நான் வந்து வித்துடறேன்" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் காதிலும் விழுந்தது. அவள் மறுநாளிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். படுக்கையில் கிடக்கிறவர்களை வீடு தேடிப் போய் எழுந்து நடக்க வைக்கிற பிசியோதெரபி வேலை அவளுக்கு, அந்தக் கனமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் மாறிப் பஸ் மாறி எத்தனை வீடு ஏறி இறங்க முடியும் சொல். பஸ் போகாத மேட்டுத் தெருவில் பக்கவாதம் வந்த ஒரு தையல்காரர் இருக்கிறார், அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தார், இவள் போவது குறைந்ததும் மனுஷன் மறுபடி கட்டிலோடு ஆகிவிட்டார். அவர் மனைவி ஃபோன் செய்து, "உங்களக் குத்தம் சொல்லலம்மா, ஆனா அவரு வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு" என்று சொன்ன அன்றுதான் உன் மனைவி கார் சாவியை மறுபடி கையில் எடுத்தாள்.

ஓட்டிக்கொண்டு போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முன் சக்கரம் தெரிகிற மாதிரி ஓரமாக ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்து, "அத்தை, நான் கொஞ்சம் நகத்தி நகத்தி பிரேக் போடறேன், நீங்க சக்கரத்த மட்டும் பாருங்க" என்றாள். பார்த்தேன். வலது சக்கரம் நின்றால் நின்றதுதான், இடது சக்கரம் வண்டி நின்ற பிறகும் விரற்கடை அளவு பின்னால் போய்த் திரும்பி வந்தது. சொன்ன உடனே இறங்கி, வெறும் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைக்கிற இரும்புக் கை ஒன்று இருக்கிறதாம், அது மாட்டியிருக்கிற இடத்தில் அதிர்ச்சி தாங்க ரப்பர் புஷ் வைத்திருப்பார்களாம், அது வெடித்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. "முட்டியில சவ்வு தேஞ்சு எலும்பும் எலும்பும் இடிக்குமே, அதே கேஸ்தான் அத்தை" என்று சொல்லிக் கலகலவென்று சிரித்தாள். தப்பு அவள் ஓட்டியதில் இல்லையடா, ரப்பர் ஆயுசு முடிந்து போயிருந்தது.

ஒர்க்‌ஷாப்காரர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார். தையல்காரரால் அதுவரை தாங்க முடியாது என்று சொல்லி, இரண்டு பக்கத்துக்கும் புது புஷ் வாங்கி, அடுத்த தெரு வெல்டரிடம் வண்டியைத் தாங்குகிற ஸ்டாண்டும் புஷ்ஷை அழுத்தி ஏற்றுகிற திருகு கருவியும் இரவல் வாங்கி வந்து நின்றாள். அப்பா குதித்தார். "வண்டி மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார். அவள் பொறுமையாகப் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளிவிட்டு, தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளிக் காட்டினாள். இம்மியும் அசையவில்லை. அப்புறம் அப்பாவே டார்ச் பிடிக்க வந்துவிட்டார். துருப்பிடித்த போல்ட் ஒன்று மசியவே இல்லை, எண்ணெய் விட்டு ஊற வைத்து, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி நானும் அவளும் சேர்ந்து இழுத்தோம், அது கிரீச்சென்று கத்திக்கொண்டு விட்டுக்கொடுத்தபோது நான் பொத்தென்று பின்னால் உட்கார்ந்துவிட்டேன், பயப்படாதே, அடி ஒன்றுமில்லை. நடுவில் அப்பா ஐஸ் எடுக்க ஃபிரீசரைத் திறந்து, புஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இது எந்த ஊர்க் காய்?" என்று கேட்டார். குளிர்ந்தால் ரப்பரைச் சுற்றியிருக்கிற இரும்பு வளையம் கொஞ்சம் சுருங்கி உள்ளே எளிதாக ஏறுமாம், அதற்காக அவள்தான் வைத்திருந்தாள்.

பழையதை வெளியே தள்ளிப் புதியதை ஏற்றி முடித்த பிறகுதான் சோதனை. அந்த புஷ்ஷில் ஒரு பக்கம் பள்ளம் இருக்கிறது, பழையது பார்த்த திசையையே புதியதும் பார்க்க வேண்டும், அதற்காக இரும்புக் கையில் என் நகப்பாலிஷால் அடையாளம் வைத்திருந்தாள், ஆனால் ஏற்றும்போது புஷ் லேசாகத் திரும்பிவிட்டது. உள்ளங்கை கொப்பளித்துப் போயிருந்தது அவளுக்கு. அப்பா, "இத்துனூண்டுதானேம்மா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். "வண்டிக்குத் தெரியும் மாமா" என்று சொல்லிவிட்டு, முகம் சுளிக்காமல் மறுபடி வெளியே எடுத்து, ரப்பர் கிழியவில்லை என்று பார்த்துக்கொண்டு, சரியாகத் திருப்பி ஏற்றினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசி முறுக்கைக் கூட வண்டியின் பாரம் அதன் மேல் இறங்கிய பிறகுதான் கொடுத்தாள், சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடுமாம். வலது பக்கத்தையும் மறுநாள் மாற்றி, கடையில் விட்டு, சக்கரங்களை நேராக்குகிற அலைன்மென்டும் செய்து வாங்கி வந்தாள்.

அது முடிந்ததும் முதல் ஓட்டமே மேட்டுத் தெருவுக்குத்தான், எங்களையும் ஏற்றிக்கொண்டாள். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருக்கிறாள், வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது, பள்ளத்தில் இறங்கினால் மெத்தென்று ஒரு அசைவு, அவ்வளவுதான். யார் ஓட்டினாலும் பின்னாலிருந்து பிரேக் பிடிக்கிற உன் அப்பா குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். இப்போது பழையபடி நாள் தவறாமல் போகிறாள், தையல்காரர் சுவரை விட்டுவிட்டு நாலடி நடக்கிறாராம், விற்கிற பேச்சை எடுத்தால் அப்பாவே உன்னைச் சும்மா விட மாட்டார்.

அவள் இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை, சொல்லிக் காட்டுகிற பெண்ணும் இல்லை. இதைப் படித்ததும் நீயாகவே கூப்பிடு. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்காதே. அன்றைக்குப் பேசியது தப்பு என்று முதலில் சொல், அப்புறம் "எப்படிச் செஞ்ச?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் கேள்.

வலிக்கிற அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

அவளை நினைத்துப் பூரித்துப் போயிருக்கும்,
உன் அம்மா