கால் தரையில் படும் நாற்காலி

ஆகஸ்ட் 7, திங்கள்

காற்று. ஜன்னலைச் சாத்தினால் வேக்காடு, திறந்தால் புரூஃப் தாள் பறக்கிறது. ஆடி முடிய இன்னும் ஒன்பது நாள்.

2007 தினசரி காலண்டர். மார்ச் முடிந்தது. இன்று ஏப்ரல், பதினெட்டுத் தாள். ரஞ்சிதம் ஸ்டூலில் உட்கார்ந்து மூலத்தை உரக்க வாசிக்க, நான் சிவப்புப் பேனாவோடு புரூஃபில் தொடர. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். வாசிக்கிறவர்கள் மாறினார்கள், நான் மாறவில்லை.

இடுப்பு. பதினைந்தாவது நிமிஷம் தொடங்குகிறது. இடது பக்கம், கீழே, பிறகு தொடை வழியாக இறங்குகிறது. எழுந்து நின்றேன், ஜன்னலைப் பார்ப்பதுபோல.

"நாற்காலியில முள்ளு கிடக்காம்மா? இம்புட்டு நெளியுதீக."

"காற்று வருகிறதா என்று பார்த்தேன்."

"காத்துதான் தாளத் தூக்கிட்டுப் போகுதே, தெரியலையாக்கும்."

மதியம் பிழை நோட்டில் பதிவு. இரண்டாம் மேசை கனகராஜ். மத்தாப்புப் பெட்டி லேபிளில் பத்து என்பதற்குப் பதினைந்து. அச்சாகிவிட்டது. இந்த சீசனில் அவருக்கு மூன்றாவது. மூன்று பதிவு ஆனால் மேசையை விட்டு எழ வேண்டும். விதி நான் போட்டது, அச்சகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நாளையிலிருந்து கீழே பைண்டிங்கில் தாள் கட்டுகளுக்குப் பின்னடிக்கப் போகிறார். சிவப்புப் பேனாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பால்காரரிடம் நாளை அரை லிட்டர் போதும் என்று சொல்ல மறந்தேன்.


ஆகஸ்ட் 8, செவ்வாய்

டாக்டர் (பஸ் ஸ்டாண்டு பக்கம், புதியவர், மகள் வயது). எலும்பு வயசுக்குப் பரவாயில்லையாம். "எவ்வளவு நேரம் உட்காருவீங்க?" ஒன்பது மணி நேரம். "சாய்ந்தா, சாயாமலா?" சாயாமல். "ஏன்?"

ஏன் என்று என்ன சொல்வது? ஆறாம் வகுப்பில், போர்டிங்கில், மதர் ஒரு பிரம்போடு வரிசையாக நடப்பார். நாற்காலிக்கு ஒரு முதுகு இருக்கிறது, உங்களுக்கும் ஒன்று இருக்கிறது, கடன் வாங்காதீர்கள் என்பார். எழுபத்தொரு வயது வரை வாங்கவில்லை. டாக்டரிடம் "பழக்கம்" என்றேன்.

வேலையை விடச் சொல்லவில்லை. நல்ல நாற்காலி வாங்கச் சொன்னார். அது எனக்குப் போதும்.

வீட்டில் டேப் வைத்து அளந்தேன். முழங்காலுக்குக் கீழே, செருப்போடு: பதினைந்தரை அங்குலம். அச்சக நாற்காலி: பதினெட்டு. ஆக இருபத்திரண்டு வருஷம் கால் தொங்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்! பாதத்துக்கு அடியில் ஒரு ரீம் பேப்பர் வைத்துச் சமாளித்ததை மறந்தே போனேன்.

வேண்டியவை:
– பாதம் முழுதும் தரையில்.
– இருக்கை விளிம்புக்கும் முழங்காலுக்கும் நடுவே இரண்டு விரல்.
– கை வைக்கிற தண்டு மேசைக்கு அடியில் போக வேண்டும். இடித்தால் கூடாது.
– இடுப்பு வளைவில் ஏதாவது தாங்க வேண்டும்.
– ரெக்ஸின் வேண்டாம், வியர்க்கும்.
– கிரீச் சத்தம் கூடாது.
– சக்கரம்? யோசிக்க.

வேலை குறைந்ததற்கு வலிதான் காரணம். வலி போனால் பழையபடி ஒரு நாளைக்கு முப்பது தாள். இப்போது பதினெட்டுக்கே மூச்சு வாங்குகிறது.


ஆகஸ்ட் 9, புதன்

மாதாந்திர மின்தடை, அச்சகம் விடுமுறை. விருதுநகர் போனேன். சிவகாசியில் கேட்டால் மறுநாள் எல்லாப் பிரஸ்ஸுக்கும் தெரியும், அம்மாவுக்கு உட்கார முடியவில்லையாம் என்று. பையில் ஏப்ரல் கடைசிப் பன்னிரண்டு தாளும் பேனாவும்.

கடைக்காரர் வெள்ளைச் சட்டை, வெற்றிலை. முதலில் பெரிய கறுப்பு நாற்காலி ஒன்றை உருட்டி வந்தார். "ஆபீசர் சேர்ம்மா. அப்படியே சாஞ்சு பாருங்க." சாய்ந்தேன். அது என்னையும் கூட்டிக்கொண்டு பின்னால் போனது. கத்தவில்லை. சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்தேன்.

இரண்டாவது, வலை முதுகு. இருக்கை ஆழம் அதிகம், முழங்கால் மடங்க இடம் இல்லை. மூன்றாவதற்குக் கை கிடையாது. நான்காவது நீலத் துணி, இடுப்பில் மேடு, வலப்பக்கம் ஒரு நெம்புகோல், இழுத்தால் இறங்குகிறது. கடைசி வரை இறக்கிப் பதினாறரை. ஒரு அங்குலம் மிச்சம். ஆனாலும் உட்கார்ந்ததும் இடுப்பு ஏதோ பேச்சை நிறுத்தியதுபோல.

"இதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்."

"ஒரு மணியா?"

"ஒன்பது மணி நேரம் உட்காரப் போகிறேன். ஒரு மணி பார்க்காமல் எப்படி வாங்குவது?"

அவர் உள்ளே பார்த்துச் சத்தமாக, "அம்மாவுக்கு ஒரு டீ. இங்கனயே ஆபீஸ் போடப் போறாக" என்றார். அவருடைய மேசையிலேயே தாள்களை விரித்தேன். பன்னிரண்டும் பார்த்து முடித்தேன். ரஞ்சிதம் இல்லாமலே, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிழை ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றின் கீழும், பார்த்ததற்கு அடையாளமாக, என் பெயரின் முதல் எழுத்து.

நிமிர்ந்தால் அவர் தலைக்கு மேல் நம் காலண்டர். இந்த வருஷத்தது. புதன், ராகு 12–1.30. சரி.

வாங்கிவிட்டேன். நீலம் எனக்குப் பிடித்த நிறம் இல்லை. சனிக்கிழமை வேனில் அனுப்புவார்கள். முகவரி சொன்னதும், "அட, பிரஸ்ல புரூஃப் பாக்கிற அம்மாவா? எங்க கடை அட்டையும் நீங்க பாத்ததுதான்." இனி ரகசியம் என்ன.


ஆகஸ்ட் 10, வியாழன்

காலை பஸ்ஸில் கனகராஜ், எனக்குப் பின் சீட்டில். இறங்கும்போது சொன்னார்: "புது நாற்காலி வருதாமே. நல்லதும்மா. கீழ பின்னடிக்கிற இடத்துல நாற்காலியே கிடையாது, அந்தப் பிரச்சினையே எங்களுக்கு இல்ல."

மரியாதையாகத்தான் சொன்னார்.

பன்னிரண்டு தாளையும் ரஞ்சிதத்திடம் கொடுத்தேன், கோப்பில் சேர்க்க. வலி, பதினைந்து நிமிஷம்.


ஆகஸ்ட் 12, சனி

வந்தது. மாடிப்படியில் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கீழிருந்து ஒருவர், "முதலாளிக்கே இப்படி இல்லையேப்பா!"

முதலாளி வந்து பார்த்தார். "சொல்லியிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேன்லம்மா." அதற்காகத்தான் சொல்லவில்லை.

காலடியில் காலண்டர் அட்டை நான்கு. ஒரு அங்குலம் சரியாயிற்று. பழைய தேக்கு நாற்காலியை வராந்தாவில் போட்டார்கள். அதன் மேல் உடனே யாரோ டிபன் கேரியரை வைத்துவிட்டார்கள்.


ஆகஸ்ட் 13, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து வசந்தா போன். "நாற்காலி வாங்குற வயசாம்மா இது? இங்க வந்திருங்க. டிவி முன்னாடி சோபா இருக்கு."

சோபாவில் எழுபத்தொரு வயதுப் பொம்மை ஒன்று, கையில் ரிமோட்டோடு. என் மகள் நல்லவள். அதுதான் பயம்.

"என் வேலை சரியாக இருக்கும்வரை இங்கேதான்."

"சரியில்லாமப் போனா?"

"அதை நான் முதலில் கண்டுபிடிப்பேன்."

துவையல், ரசம். மழை வருவதுபோல வந்து வெம்பக்கோட்டைப் பக்கம் போய்விட்டது.


ஆகஸ்ட் 14, திங்கள்

வலி இல்லை. மூன்று மணி நேரம் எழவில்லை. சாய்ந்தேன். மதர் மன்னிக்க.

மே மாதம் முப்பத்தொரு தாளும் ஒரே நாளில். ரஞ்சிதத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. "சேர் உங்களுக்கு, பனங்கற்கண்டு எனக்கா?" சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

சாயங்காலம் அவள் போன பிறகு கோப்பை எடுத்தேன். கடையில் பார்த்த பன்னிரண்டு தாளை இன்னொரு முறை பார்க்கும் ஆசை. வேறொன்றும் இல்லை, சுத்தமான தாளைப் பார்க்கும் ஆசை.

திங்கள் தாள் ஒன்றில் சிவப்புத் திருத்தம். ராகு 9–10.30 என்று இருந்ததை அடித்து 7.30–9. கீழே என் எழுத்து.

நான் திருத்தவில்லை. கீழே உள்ள எழுத்தைத் தவிர அந்தத் தாளில் நான் பேனாவே வைக்கவில்லை.

ஏழு என்ற எண்ணைப் பார்த்தேன். நான் ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவேன். போர்டிங் வழக்கம். இந்த ஏழில் கோடு இல்லை.

இன்னொரு தாளில் நட்சத்திரப் பெயரில் திருத்தம். அதுவும் என் கை இல்லை.

விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை.


ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. கொடி, மைக், மிட்டாய்.

நாள் முழுதும் ஒரே கணக்கு. கடையில் வலி இல்லை. டீ கொடுத்தார்கள். நல்ல வெளிச்சம். ரஞ்சிதம் இல்லை, அவசரம் இல்லை. திங்கள் ராகு ஏழரை என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். தெரிந்தும் ஒன்பது என்று அச்சில் இருந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.


ஆகஸ்ட் 16, புதன்

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "இந்த ஏழு யாருடையது?"

ரஞ்சிதம் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கோடு போட மறந்துட்டேன்" என்றாள்.

"எத்தனை நாளாக?"

"மாசியிலருந்தும்மா."

மாசி. இடுப்பு வலி வந்தது ஆனியில். அப்படியானால் காரணம் நாற்காலி இல்லை. நாற்காலி ஒருபோதும் இல்லை.

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா நோட்டுல எழுதுவீக. உங்க பேர உங்க கையாலயே எழுதுவீக. எனக்குத் தெரியாதா உங்கள?" பிறகு கோபமாக, "பதினெட்டு வருசம் பட்டாசுக் கம்பெனியில தரையில உக்காந்து பொட்டி ஒட்டுனவ நான். விஸ்வநத்தத்துலருந்து என்னைய இங்க கூட்டியாந்து உக்கார வச்சது நீங்க. உங்களப் போயி நான் மாட்டி விடவா?"

"கண் மோசமா?"

"கண்ணு இல்லம்மா. நீங்க தாளப் பாக்கல. மனசுல இருக்கதப் பாக்கீக. எல்லாமே உங்களுக்குச் சரியாத்தான் தெரியுது. தப்பு மட்டுந்தான் தெரிய மாட்டேங்குது."

தண்ணீர் குடித்தேன். அவளும் குடித்தாள்.

மதியத்துக்கு மேல் வேலை பார்க்கவில்லை. மாசியிலிருந்து இருக்கிற கோப்புகளை எல்லாம் எடுத்துக் கோடில்லாத ஏழுகளையும், என்னுடையதல்லாத மற்றதையும் தேடினேன். நீல நாற்காலியில், மிக வசதியாக.

பதினான்கு.


ஆகஸ்ட் 17, வியாழன்

பிழை நோட்டில் பதினான்கு பதிவு. தாள், பிழை, பார்த்தவர் பெயர். என் பெயரைப் பதினான்கு முறை முழுதாக எழுதினேன். 'மேற்படி' போடவில்லை. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ரஞ்சிதம்.

முதலாளியிடம் கொண்டுபோனேன். படித்தார். "ஒண்ணும் அச்சுக்குப் போகலையேம்மா. அந்த ரூலு உங்களுக்கு இல்ல."

"அப்படியானால் யாருக்கும் இல்லை என்று எழுதிக் கொடுங்க தம்பி. கனகராஜையும் மேலே கூப்பிடுங்க."

தலையைச் சொறிந்தார். "அவருது அச்சாயிருச்சே. சீசன் முடியட்டும்மா."

கீழே போனேன். கனகராஜ் பின்னடித்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தம். நோட்டில் என் பெயர் பதினான்கு முறை இருக்கிறது என்றேன். என்னுடையதைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தாள், உங்களுக்கு இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம் என்றேன். அவர் நிறுத்தவில்லை. கட்டு முடிந்ததும் இன்னொரு தாள் கட்டைத் தன் காலால் என் பக்கம் நகர்த்தி, "உக்காருங்கம்மா" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் இன்னொரு கட்டை எடுத்தார். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வரவில்லை. இங்கே எழுதவும் வரவில்லை.

ராஜினாமாக் கடிதம் மூன்று வரி. பையில்.


ஆகஸ்ட் 18, வெள்ளி

கடிதத்தை ரஞ்சிதம் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க போனா எனக்கு யாரு வாசிப்பா? அந்தக் கம்ப்யூட்டர் பிள்ளைக வாசிச்சா வாயில கொழுக்கட்டை."

"நானா வாசிப்பது?"

"பின்ன, நானே வாசிச்சு நானே திருத்தவா?"

முதலாளிக்கு இது போதுமா, எத்தனை நாள் போதும், தெரியாது. கடிதம் பையிலேயே இருக்கிறது. தேதி போடவில்லை.

"உனக்கு அந்த நாற்காலி" என்றேன். வேண்டாம் என்றாள். ஸ்டூலே போதுமாம். திருத்துகிறவள் உட்காரும் இடம் அது, உட்கார் என்றேன். அவள் உயரத்துக்கு இருக்கையை ஏற்ற நெம்புகோலை இழுத்தேன். ஒரேயடியாக ஏறியது. "ஆத்தீ, ராட்டினமா இது!" என்று மேசையைப் பிடித்துக்கொண்டாள். முதுகைச் சாய்த்து உட்காரச் சொன்னேன். இடுப்பு இப்போதே கெட வேண்டாம்.

அட்டைகளை எடுத்து ஜன்னல் மேல் வைத்தேன். ஸ்டூலை அளந்தேன். பதினைந்தரை. சாய முதுகு இல்லை, கை இல்லை, சக்கரம் இல்லை. இரண்டு பாதமும் தரையில் முழுதாக. இதற்குத்தான் விருதுநகர் வரை போனேன்.

ஜூன் முதல் தாள். அவள் திருத்தியதும் கேட்டாள். "கீழ உங்க எழுத்தப் போடவா?"

"உன் எழுத்து."

போட்டாள். அடுத்த தாளில் ஒரு திருத்தத்துக்கு ஏழு எழுதி, நடுவில் கோடு இழுக்கப் போனாள். கோடு வேண்டாம், உன் ஏழாகவே இருக்கட்டும் என்றேன்.

இருபது நிமிஷத்தில் வலி. சொல்லவில்லை. என் குரல் நன்றாகத்தான் இருந்தது. திங்கள், ராகு ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய், மூன்று முதல் நாலரை. புதன், பன்னிரண்டு முதல் ஒன்றரை. கணீரென்று, தடையே இல்லாமல்.

ரஞ்சிதம் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்மா. மூலத்தப் பாத்து வாசிங்க. மனப்பாடமாச் சொல்லாதீக."

குனிந்து பார்த்தேன். கடைசி இரண்டு தாளுக்கு நான் மூலத்தைத் திருப்பவே இல்லை.

அடிக்கோலை எடுத்தேன். முதல் வரியின் கீழ் வைத்தேன். வாசித்தேன்.