கழுத்தில் ஒரு புளியங்கொட்டை

செம்பூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

என் செல்லம் வந்தனாவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நாங்கள் க்ஷேமம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, இந்தத் தடவை முக்கால் க்ஷேமம் என்று வைத்துக்கொள். கால்கரி குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைக்காதே, போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது. எழுத்துக்கூட்டியாவது நீயே படி.

என் எலும்பு வலி விஷயத்தைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன், முழுசும் இதுதான். தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு சுரப்பி உண்டாம், பாராதைராய்டு என்று பெயர், எனக்கு அதில் ஒன்று புளியங்கொட்டை மாதிரி வீங்கி எலும்பில் இருக்கும் கால்சியத்தை எல்லாம் ரத்தத்தில் இறக்கிவிடுகிறதாம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. எதிர்வீட்டு ஷ்யாமளா தைராய்டு என்றே நினைத்துக்கொண்டு கோஸ் சாப்பிடாதே என்கிறாள், அது வேறு இது வேறு என்று சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வலிக்கு நானாகவே கால்சியம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டதற்கு டாக்டரம்மா நன்றாகத் திட்டினாள். ஆபரேஷன் செய்து அந்தச் சுரப்பியை எடுக்க வேண்டுமாம், எடுப்பதற்கு முன் எத்தனை பரீட்சை, கழுத்துக்கு ஒரு ஸ்கேன், ஊசி போட்டு இன்னொன்று, எலும்புக்கு ஒன்று, கிட்னியில் கல் உண்டா என்று ஒன்று, குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதாம், அதைப் பார்க்க மூக்கு வழியாக ஒரு குழாய். ஒரு நாள் முழுக்க யூரினைக் கேனில் பிடித்துக் கொடுக்கவும் வேண்டும். உன் அப்பா அந்தக் கேன்மேல் கொட்டை எழுத்தில் ‘கொட்டாதே’ என்று தமிழில் எழுதி ஒட்டினார். வேலைக்கு வரும் சுனந்தா பாய்க்கு மராத்தி தவிர வேறு எழுத்து தெரியாது, கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டாள். நாற்பது வருஷம் ஆபீசில் இங்கிலீஷ் எழுதிய மனுஷருக்குப் பதற்றத்தில் தமிழ்தான் வந்திருக்கிறது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. பயந்துபோயிருக்கிறார். மறுநாள் புதுக் கேன் வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

கடைசியில் டாக்டரம்மா, மறதி உண்டா, காரணமில்லாமல் அழுகை வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். எப்போதிலிருந்து என்றாள். என் பெண் ஏர்போர்ட்டில் உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாளே, அன்றிலிருந்து என்றேன். அவள் நாலு வருஷம் என்று மட்டும் எழுதிக்கொண்டு, கால்சியம் ஏறினால் மனசும் சோரும், ஆபரேஷன் ஆனால் இதுவும் குறையலாம் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தினமும் காபிக்கு மூணு டம்ளர் எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கிறேனே, அது புளியங்கொட்டை செய்கிற வேலையா? வீட்டுக்கு வந்தபின் பயமாகவும் இருந்தது. அதை எடுத்தபின் உன் நினைப்பு குறைந்துபோனால் நான் என்ன செய்வேன்? அப்பாவிடம் சொன்னேன். “அசடே, அதை எந்த டாக்டராலேயும் எடுக்க முடியாது, கேட்டியா” என்றார், சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். சின்ன விஷயம்தான், நீ சிரமப்பட்டு வராதே என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருக்கலாமாம், நீயும் ரத்தத்தில் கால்சியம் பார்த்துக்கொள், மறக்காதே. ஆஸ்பத்திரி பாரத்தில் கூட இருப்பவர் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. பேனா என் கையில் இருந்தது, உன் பெயரை எழுதிவிட்டேன். அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு நன்றாக இரு.

வழி பார்த்திருக்கும் அம்மா,
அகிலாண்டம்