கிணற்றுக்குப் பெயர் வேண்டுமா

பாளையங்கோட்டை,
9 ஆகஸ்ட் 1999

அன்புள்ள வித்யாவுக்கு,

அக்தர் பானு எழுதுவது. ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்று எழுதுவது கைப்பழக்கம். உண்மையில் எனக்குத் தலை சுற்றுகிறது. உன்னைத் திட்டுவதா, உனக்கு நன்றி சொல்வதா என்று தெரியாமலே பேனாவை எடுத்திருக்கிறேன்.

கங்கைகொண்டானுக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் எட்டாத அந்த ஊரில் எடுத்து, எங்கள் கல்லூரியில் நான் சோதித்த கிணற்றுத் தண்ணீர் விவரங்களை ஹாம்பர்க்கில் இருந்தபடி நீ இணையத்தில் ஏற்றினாய். வெறும் எண்களால் பிரயோஜனமில்லை, எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த நாள், என்ன அளவு, யார் எடுத்தது என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரே முறையில் குறித்தால்தான் தேடுகிறவர் கண்ணில் படும், அவர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. கேட்டதையெல்லாம் நிரப்பி அனுப்பினேன். எங்கள் பக்கம் கிணற்றுக்கு வீட்டுச் சொந்தக்காரர் பெயர்தானே பெயர். அதனால் சேக் முகம்மது வீட்டுக் கிணறு, புளோரைடு மிக அதிகம் என்று எழுதினேன். அவர் யார் என்று உனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரின் அக்காள் கணவர்.

அவர்கள் மகள் சபீதாவுக்குத் துபாய் மாப்பிள்ளை பேசி ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்தத் தண்ணீரால் அவள் பல்லில் ஏறியிருக்கிற பழுப்பைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சும்மா பெண்ணின் ஊர்ப் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார். உலகம் முழுக்க அந்த ஊரைப் பற்றி இருந்தது உன் பக்கம் ஒன்றுதான். பெண் வீட்டுக் கிணறே வந்து நின்றது. அந்தத் தண்ணீர் குடித்தால் எலும்பும் வளையுமாமே என்று கேட்டார்கள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

சபீதாவின் தாய், என் மைனி, இங்கே வந்து, ஒன் படிப்புக்கு எங்க வீட்டுக் கெணறுதான் கெடச்சுதா பானு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா என்று அழுதார்கள். பெயரை அழிக்கச் சொல்லி அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் வடநாட்டில் ஒரு தண்ணீர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தபால் வந்தது. அவர்களும் தேடித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி கட்டிக்கொடுக்க ஆள் அனுப்புகிறார்களாம். இடமும் பெயரும் தெளிவாக இருந்ததால்தான் எழுதுகிறோம் என்கிறார்கள். நான் நடையாய் நடந்தபோது இங்குள்ள அலுவலகத்தில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத விவரம் அது. பெயரை அழித்தால் அவர்கள் எங்கே வருவார்கள்? அழிக்காவிட்டால் சபீதாவை யார் கேட்டு வருவார்கள்? தண்ணீரைச் சரிசெய்கிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிடைக்கக் கூடாது. உங்கள் முறையில் அப்படி ஒரு வழி உண்டா வித்யா? கேட்கும்போதே பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது.

நேற்று சபீதா கல்லூரிக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று பயந்தேன். பேரை அழிச்சிட்டா தண்ணி நல்லாயிருமா மாமி, எங்க தெருப் புள்ளைய எல்லாம் அதத்தான குடிக்குதுவ என்றாள். எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்காதே. போகும்போது, வேறு ஒரு இடத்துக்குக் கொடுக்கப் போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லி, உதட்டைப் பிரிக்காமல் சிரித்துக் காட்டி, இது பரவாயில்லையா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஊர் இருக்கட்டும், வீட்டுப் பெயரை மட்டும் எடுத்துவிடு. இல்லை, உன் பதில் வரும்வரை எதையும் தொடாதே. எனக்குத் தெரியவில்லை. நீயாவது யோசித்து எழுது.

உன் மகள் ஸ்னேகாவுக்கு முதல் பல் எட்டிப் பார்க்கிறது என்று எழுதியிருந்தாய். படைத்தவன் அவளுக்கு எல்லாப் பல்லையும் வெள்ளை வெளேரென்று கொடுக்கட்டும். எந்தப் போட்டோவிலும் என் கண்ணு வாய்விட்டுச் சிரிக்கட்டும்.

உன் பிரியமுள்ள,
பானு